கட்டை இடம், தாள் இடம்

மாடி வீட்டில் "இடது பக்கம்" என்று யாரும் சும்மா சொல்லிவிட்டுப் போக முடியாது. சொன்ன வாய் மூடுமுன் எதிர்க்கேள்வி வரும்: "கட்டை இடமா, தாள் இடமா?" ஒரு தடவை நான் மேலே போயிருந்தபோது டீக்குச் சர்க்கரை போதவில்லை. டப்பா எங்கே என்று கேட்டேன். அலமாரியில் இடது பக்கம் என்றார் மாமா. எந்த இடம் என்று அடுப்படியிலிருந்து அக்கா கேட்டாள். அவர் சற்று யோசித்துவிட்டுக் கட்டை இடம் என்றார். அதாவது வலது பக்கம். டீ ஆறிய பிறகுதான் எனக்குச் சர்க்கரை கிடைத்தது.

இது என்ன கூத்து என்று புதிதாக வருகிறவர்கள் முழிப்பார்கள். மேல்வீட்டு அக்காவும் அவள் புருஷன் மாமாவும் மரத்தில் படம் செதுக்கி அச்சடிக்கிறவர்கள். வழவழப்பான பலகையில் படத்தைச் செதுக்கி, மேடாக நிற்கிற இடங்களில் மை தடவி, தாளை வைத்து அழுத்தினால் படம் தாளில் இறங்கும். இறங்கும்போது முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி பக்கம் மாறிவிடும். பலகையில் வலது பக்கம் நிற்கிற மரம் தாளில் இடது பக்கம் போய் நிற்கும். அந்தப் பலகைக்கு அவர்கள் வாயில் கட்டை என்று பெயர். அக்கா தாளில் வரைகிறவள், அவளுக்கு இடது என்றால் தாளில் இடது. மாமா காலையில் எழுந்தால் கட்டையின் முகத்தில்தான் விழிக்கிறார். அவருக்கு உலகமே கட்டைப்படிதான்.

தெருவில் அக்காவுக்கு உளி என்றும் மாமாவுக்கு உருளை என்றும் பேர். உளியைக் கையில் எடுத்தாலும் சரி, வாயைத் திறந்தாலும் சரி, அக்கா வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான். மாமாவின் பேர் மை உருட்டுகிற உருளையால் வந்ததா, அவர் உடம்பு வாகால் வந்ததா என்பது இன்னும் தீராத வழக்கு. நான் கீழே படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருக்கிறேன். அதனால் எனக்குச் சட்டம் என்று பேர். கொஞ்சம் நியாயம் கேட்டால் போதும், வந்துட்டாடா சட்டம் பேச என்பார்கள். பேசுவேன்தான். எனக்கு மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு வெளியே ஒன்றைப் பேச வராது. அதனால் வந்த வினைதான் இந்தக் கதை.

என் கடைக்கு நேர் மேலே அவர்களுடைய பட்டறை. மாமா அச்சு இயந்திரத்தின் பெரிய சக்கரத்தைச் சுற்றும்போது என் கூரை முனகும். சுவரில் சாத்தி வைத்த கண்ணாடிகள் கிணுகிணுக்கும். டொக் டொக் என்று கேட்டால் அக்கா செதுக்குகிறாள் என்று அர்த்தம். மை உருட்டுகிற சத்தம் கீழே கேட்காது, ஆனால் மாமா அப்போது விசில் அடிப்பார், ஜன்னல் வழியாக அது இறங்கி வரும். எதுவுமே கேட்காவிட்டால் சண்டை. மாடிப்படி ஏறாமலே அந்த வீட்டின் நாடியை நான் பிடித்துவிடுவேன்.

அச்சான படத்தின் அடியில் பென்சிலால் போடுகிற கையெழுத்து அக்காவுடையது மட்டும்தான். சக்கரம் சுற்றுகிறவருக்கும் ஒரு கையெழுத்து வேண்டாமா என்று நான் ஒரு நாள் சட்டம் பேசினேன். மாமா சிரித்தார். பார்க்கிறவள் அவள், அவள் பார்த்ததைக் கெடுக்காமல் தாளில் இறக்கி வைக்கிறவன் நான், எனக்கு அது போதும் என்றார். அது அடக்கம் இல்லை. அப்படியே நம்பினார். மரம் பூத்திருக்கிறது பார், தண்ணீர் பச்சை கட்டியிருக்கிறது பார் என்று அக்கா கையை நீட்டினால்தான் அவர் தலையைத் திருப்புவார். திருப்பிய பிறகு அவரைப் போல் ரசிக்க ஆள் கிடையாது.

அந்த வருஷம் மழை முன்னதாகவே பிடித்துக்கொண்டது. அவர்கள் மகளுக்கு வெளியூரில் வேலை கிடைத்திருந்தது. கொண்டுபோய் விட வேண்டிய நேரத்தில் அக்காவுக்குக் காய்ச்சல். மாமா மட்டும் பெட்டி படுக்கையோடு மகளைக் கூட்டிக்கொண்டு போனார். அறை பார்த்து, வாளி, கயிறு, பூட்டு எல்லாம் வாங்கிக் கொடுத்துவிட்டு, மறுநாள் காலை முதல் பஸ்ஸில் திரும்பி வந்தார். காய்ச்சல்காரிக்கு ரொட்டி கொண்டுபோன நான் அப்போது மேலேதான் இருந்தேன். வந்தவர் மகள் எப்படி இருக்கிறாள் என்றுகூடச் சொல்லவில்லை. வருகிற வழியில், ஏரி ஓரமாகப் பஸ் வரும்போது, ஒன்று பார்த்தேன், அதை நீ படமாக்கித் தர வேண்டும் என்று அக்காவிடம் கேட்டார்.

அந்த வீட்டில் இது அதிசயம். இன்ன படம் வேண்டும் என்று அவர் வாயைத் திறந்து கேட்டதே கிடையாது. அக்கா போர்வையைச் சுற்றிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். போட்டோ எடுத்தாயா என்றாள். தோன்றவில்லை என்றார். சரி, வாயால் சொல்லத் தெரிந்த ஆளா என்றால் அதுவும் இல்லை. ஊமை கண்ட கனவு மாதிரி கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். மேகம் ஒரு இடத்தில் கிழிந்திருந்தது. அதன் வழியாக வெளிச்சம் தண்ணீரில் விழுந்தது. இந்தப் பக்கம் மலை இன்னும் விடியாமல் கிடந்தது. இவ்வளவுதான் தேறியது. பிறகு காற்றில் விரலால் கோடு இழுத்து, மலை வலது பக்கம், வெளிச்சம் இடது பக்கம் என்றார்.

சர்க்கரை டப்பாவுக்கே எந்த இடம் என்று கேட்கிற வீட்டில் அன்றைக்கு யாரும் அதைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. காய்ச்சல் ஒரு பக்கம், அவர் கேட்ட அதிசயம் ஒரு பக்கம்.

இதற்குள் நகரத்தில் ஒரு கலைக்கூடத்திலிருந்து அக்காவுக்குப் போன் வந்தது. அச்சுப்படம் செய்கிறவர்கள் பலரைச் சேர்த்து ஒரு கண்காட்சி, இயற்கை, வெளிச்சம், நிலம் என்று தலைப்பு. மூன்றையும் ஒரே தாளில் கேட்கிறார்களே, கூடவே கொசுறாகக் கருவேப்பிலையும் வேண்டுமாமா என்று நான் கேட்டேன். அக்கா என்னைக் கண்டுகொள்ளவில்லை. இவர் பார்த்த ஏரியையே அனுப்பிவிடலாம் என்றாள். அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. கட்டிய நாளிலிருந்து தான் பார்த்ததையெல்லாம் அந்த மனுஷனுக்குக் காட்டிக்கொண்டிருந்தவள், முதல் தடவையாக அவர் பார்த்ததைத் தான் பார்க்கப் போகிறாள்.

ஒரே கட்டையில் எல்லா நிறத்தையும் அடிப்பது என்று முடிவு செய்தார்கள். கட்டையைத் தின்கிற வேலை என்று அதை அக்கா சொல்லுவாள். முதலில் ஒன்றுமே செதுக்காமல் எல்லாத் தாளிலும் வெளிர் மஞ்சள். பிறகு எங்கெல்லாம் மஞ்சள் மஞ்சளாகவே நிற்க வேண்டுமோ அந்த இடங்களைக் கட்டையில் செதுக்கி எடுத்துவிட்டு, அதே தாள்களின் மேல் அடுத்த நிறம். அது காய்ந்ததும் இன்னும் கொஞ்சம் செதுக்கி மூன்றாவது. இப்படியே போய், கடைசி நிறம் அடிக்கும்போது கட்டையில் அறுவடை முடிந்த வயல் மாதிரி அங்கொன்றும் இங்கொன்றும்தான் மிஞ்சி நிற்கும். செதுக்கினது செதுக்கினதுதான். முந்தின நிறத்துக்குத் திரும்பிப் போக வழி கிடையாது.

மழைக்காலத்தில் மை லேசில் காயாது. பட்டறை முழுக்கக் கொடி கட்டி, கிளிப்பு மாட்டி, மஞ்சள் தாள்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். குனிந்து குனிந்துதான் உள்ளே போக வேண்டும். என் கடையிலும் மரச்சட்டமெல்லாம் ஈரம் குடித்து உப்பி, மூலைகள் சேர மாட்டேன் என்று அடம் பிடித்தன. அதனால் எனக்கும் வேலை குறைவு, மேலே போய் வாய் பார்ப்பது அதிகம்.

அக்காவுக்குத் தன்னைப் பற்றி ஒரு குறை உண்டு. பாறை வரும், வேலி வரும், காய்ந்த புல்லைக்கூட ஒவ்வொன்றாக நிறுத்திவிடுவாள். வெளிச்சம் மட்டும் தன் கைக்கு வராது என்பாள். "வெளிச்சம்னா வேற ஒண்ணும் இல்லடி, கட்டையிலேருந்து எடுத்துடறதுதான். எடுத்தா அதிகமா எடுத்துடறேன், விட்டா கஞ்சத்தனமா விட்டுடறேன்." இந்தத் தடவை நடுவில் ஒரு நூல் பிசகவில்லை. மேகத்தின் கிழிசலையும், தண்ணீரில் அது விழுந்து உடைகிற இடத்தையும் மெல்லிய உளியால் எடுத்தாள். இரண்டாவது நிறமான சாம்பல் நீலத்தை அடித்துத் தாளைத் தூக்கியதும், சுற்றிலும் நீலம் நிற்க, நடுவே மஞ்சள் மட்டும் பளிச்சென்று விழித்துக்கொண்டது. அக்கா தாளை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டிவிட்டு ஒரு பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்தாள். அவளுக்குக் குரல் சுமார்தான். ஆனால் அன்றைக்கு அது கேட்கக் கேட்க நன்றாக இருந்தது.

மாமா நன்றாக இருக்கிறது என்றார். அடுத்த தாளை வைத்துச் சக்கரத்தைச் சுற்றினார். அன்றிலிருந்து விசில் நின்றுபோனது.

நான் முதலில் மகள் ஞாபகம் என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் மனுஷன் சாப்பாட்டிலும் கையை வைப்பதில்லை. உருளைக்கிழங்கு வறுவல் என்றால் உருளையே உருளையைத் தின்கிறது என்று தெரு முழுக்கக் கேலி பேசும், அப்படிப்பட்டவர் தட்டில் அது அப்படியே கிடந்தது. அக்கா மேல் வருத்தமா என்றால் அதுவும் தெரியவில்லை. அவள் கேட்கும்போதெல்லாம் ரொம்ப நல்லா வருது என்றே சொன்னார். அப்படிச் சொல்லும்போது தாளைப் பார்க்காமல் கொடியைப் பார்த்தார்.

ஒரு மத்தியானம் மழைக்கு ஒதுங்கினவர் மாதிரி என் கடைக்கு வந்து, பலகைக் கட்டின் மேல் உட்கார்ந்தார். சட்டத்துக்கு எந்த மரம் போடப் போகிறாய் என்று கேட்டார். நான் பதில் சொன்னேன். அது அவர் காதில் ஏறவில்லை. என்ன மாமா என்று கேட்டதுதான் தாமதம், எல்லாம் கொட்டிவிட்டார்.

பக்கம் மாறிவிட்டதாம். அவர் சொன்னது கட்டை இடம். அக்கா எடுத்துக்கொண்டது தாள் இடம். பஸ்ஸில் அவர் பார்த்தபோது மலை இடது பக்கம் கிடந்தது, வெளிச்சம் வலது பக்கம் இருந்தது. தாளில் அப்படியே தலைகீழ். இரண்டாவது நிறத்தில் முதல் தாளைத் தூக்கியபோதே தெரிந்துவிட்டதாம்.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. மலை அந்தப் பக்கம் இருந்தால் என்ன, இந்தப் பக்கம் இருந்தால் என்ன, பார்க்கிறவர்களுக்குத் தெரியவா போகிறது என்றேன். நகரத்துக்காரர்கள் யார் நம் ஏரியைப் பார்த்தார்கள்?

"பாக்குறவங்களுக்காக இல்ல சட்டம்," என்றார். "நான் பஸ்ல இடது ஜன்னல்ல உக்காந்திருந்தேன். பஸ் வலது பக்கமாத்தான் நகருது. வெளிச்சம் அங்கதான், முன்னாடி இருந்துச்சு. போகப் போக அதுக்குள்ள போற மாதிரி. புள்ளைய விட்டுட்டு வர்றோமேன்னு அதுவரைக்கும் நெஞ்ச அடைச்சுக்கிட்டே இருந்துச்சு. அதப் பார்த்ததும் வீட்டுக்குப் போறோம்னு ஆயிடுச்சு. இப்பப் படத்துல வெளிச்சம் பின்னாடி போயிடுச்சு. அத விட்டுட்டு வர்ற மாதிரி இருக்கு."

அவர் சுத்தியலை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, ஒன்றும் அடிக்காமல், மறுபடி கீழே வைத்தார்.

"இத்தன வருஷத்துல நல்லதா எதப் பார்த்தாலும் அவ பக்கத்துல இருப்பா. அவ காட்டித்தான் நான் பார்ப்பேன். இது ஒண்ணுதான் அவ இல்லாமப் பார்த்தது. அவளும் பார்த்துட்டா எனக்குத் தீர்ந்துச்சு. வேற ஒண்ணும் இல்ல."

அப்படியானால் போய்ச் சொல்ல வேண்டியதுதானே என்றேன். கட்டை ஏற்கெனவே வெட்டுப்பட்டுவிட்டது, நல்ல தாளிலெல்லாம் நிறம் ஏறிவிட்டது, அதைவிட, வெளிச்சம் கைக்கு வந்துவிட்டது என்று அவள் பாடிக்கொண்டிருக்கிறாள், அந்தப் பாட்டை நிறுத்த மனசு வரவில்லை என்றார். நீயும் சொல்லிவிடாதே என்று கேட்டுக்கொண்டார். தலையை ஆட்டினேன். என்னைப் பார்த்துக் கேட்டாரே, அவரைச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது நிறமும் ஏறியது. கரும்பச்சை. மலை எழுந்து நின்றது, கரையோர நாணல் நின்றது, தண்ணீரில் நிழல் படுத்தது. நான் மேலே போவதையே குறைத்துக்கொண்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க எனக்குப் பழக்கமில்லை, பக்கத்தில் போனால் சோறு காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் அக்கா இறங்கி வந்துவிட்டாள். கையில் மூன்று நிறம் ஏறின ஒரு தாள். சட்டத்துக்கு அளவெடு என்று நீட்டினாள். நான் அளவுகோலை வைத்தேன். அவள் போகாமல் நின்றாள். பிறகு கண்ணாடி வெட்டுகிற மேசையின் ஓரத்தைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

"அளவு எடுக்க வேண்டாம், விடு. அவருக்குப் பிடிக்கல. நல்லா இருக்குன்னு சொல்றாரு, சோறு இறங்க மாட்டேங்குது. ஆயுசுக்கும் ஒரு படம் கேட்டாரு. எனக்குத்தான் வரல போல. கடைசி நிறத்த அடிக்காம நிறுத்திடலாம்னு இருக்கேன். கண்காட்சிக்கும் இல்லேன்னு சொல்லிடறேன்."

அவள் கண் கலங்கி நான் பார்த்ததில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

"வராம என்னக்கா, நல்லாத்தானே வந்திருக்கு. பக்கம்தானே மாறிடுச்சு."

சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்தேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தாயிற்று. அக்கா என்னைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள், உதடு அசையாமல் ஒரு கணக்குப் போட்டாள். எந்தப் பக்கம், எப்படி என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தாளை எடுத்துக்கொண்டு படியேறினாள். கூரை அமைதியாக இருந்தது. கடையைச் சாத்திவிட்டு நானும் பின்னாலேயே ஓடினேன். மூட்டிவிட்டவள் கீழே உட்கார்ந்துகொண்டு வேடிக்கை பார்ப்பது நியாயமில்லை.

அக்கா சாதாரணமாக மாமாவை நீ என்றுதான் பேசுவாள். கோபம் வந்தால் மட்டும் நீங்க. நான் போய்ச் சேர்ந்தபோது அந்த நீங்க நடந்துகொண்டிருந்தது.

"ரெண்டாவது நிறத்துலயே தெரிஞ்சும் மூணாவத ஓட்டினீங்களா?"

"ஓட்டினேன்."

"கட்டை இடமாச் சொன்னீங்க? மலைக்கு ஏதுங்க கட்டை இடம்? ரோட்டுல பார்த்ததச் சொல்றவங்க ரோட்டுல இருக்கறபடிதானே சொல்லுவாங்க?"

"வெட்டப் போறவகிட்டதானே சொன்னேன். வெட்டுறவளுக்கு வெட்டுற பக்கம்தானே சொல்லணும்?"

இதில் யாரைக் குற்றம் சொல்வீர்கள்? நான் அந்த வாசலில் நின்று இரண்டு பக்கமும் யோசித்துப் பார்த்தேன். இரண்டு பேர் சொல்வதும் சரிதான். ஒருவரை ஒருவர் அவ்வளவு நன்றாகத் தெரிந்து வைத்திருந்தால்தான் இப்படி ஒரு தப்பு நடக்கும். அறியாத ஆளாக இருந்தால் ஒரு வார்த்தை கேட்டிருப்பார்கள்.

ஏன் சொல்லவில்லை என்று அக்கா கேட்டாள். நீ பாடிக்கொண்டிருந்தாய் என்றார். அதைக் கேட்டு அவளுக்குக் கோபம் இன்னும் ஏறியது. புதுக் கட்டை எடுத்து முதலிலிருந்து செய்யலாமே என்று நான் நடுவில் நுழைந்தேன். கண்காட்சிக்கு நாள் இல்லை, நாளே இருந்தாலும் அதே வெளிச்சத்தை இரண்டாம் தடவை தன்னால் வெட்ட முடியாது என்றாள். பிறகு முழங்கைவரை கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டாள்.

"பக்கம் மாறினாப் போதும்ல? மாத்திப் பார்த்துடலாம். நீங்க சொன்ன இடத்துல வெச்சா மட்டும் எப்படி இருக்குன்னு நானும் பார்க்கறேன். பிளாஸ்டிக் தாள எடுங்க."

அது அவர்களுக்குத் தெரிந்த வித்தைதான். கட்டையிலிருந்து படத்தை முதலில் வழுக்குகிற பிளாஸ்டிக் தாளில் அடிப்பது. மை காய்வதற்குள் அதன் மேல் ஈரமாக்கின வெறும் தாளை வைத்து மறுபடி ஓட்டினால், பாதி மை அதில் ஒத்திக்கொண்டு ஏறும். இரண்டு தடவை புரண்டதால் கட்டையில் எந்தப் பக்கமோ அதே பக்கம். ஆனால் அக்கா கோபத்தில் விட்டுவிட்ட ஒன்று எனக்கே தெரிந்தது. கட்டை இப்போது மூன்றாவது நிறத்துக்குச் செதுக்கின நிலையில் நிற்கிறது. மஞ்சளுக்கும் நீலத்துக்கும் உரிய கட்டை இனி இல்லை, அதெல்லாம் எப்போதோ சீவல் சீவலாகக் குப்பைக்குப் போய்விட்டது. மலையும் நாணலும் தண்ணீரின் நிழலும் மட்டும்தான் ஏறும். மீதியெல்லாம் வெறும் தாள். மாமாவுக்கும் அது தெரிந்திருக்கும். ஆனாலும் மை தடவ உட்கார்ந்தார்.

கடைசி நிறத்துக்கென்று கலந்து வைத்திருந்த கருநீலம் தட்டில் இருந்தது. அதையே மெல்லியதாக உருட்டினார். அக்கா தாளைத் தண்ணீரில் நனைத்து, ஒற்றுத் துணிக்கிடையில் வைத்துத் தட்டினாள். இயந்திரத்தில் தாளின் மேல் போர்த்துகிற கம்பளியைத் தூக்கிப் பிடிக்க என்னை நிறுத்தினார்கள். கோபம் ஒரு பக்கம் இருக்க, வேலை என்று வந்ததும் இரண்டு பேருடைய கைகளும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன. அவள் கையை நீட்டுமுன் அவர் துணியைக் கொடுத்தார். அவர் நகர்வதற்கு முன் அவள் வழிவிட்டாள். சண்டைக்காரர்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பிளாஸ்டிக் தாள் ஒரு தடவை இயந்திரத்தின் உருளைக்கடியில் போய் வந்தது. அதை நிமிர்த்திப் போட்டு, ஈரத்தாளை அதன் மேல் மெதுவாகச் சாய்த்து, கம்பளியைப் போர்த்தி, மாமா மறுபடியும் சக்கரத்தைச் சுற்றினார். வெளியே மழை விட்டிருந்தது. ஓட்டுச் சரிவிலிருந்து சொட்டுகிற சத்தம் கேட்டது.

அக்காதான் தாளைத் தூக்கினாள். ஒரு மூலையைப் பிடித்து, வெங்காயச் சருகை உரிப்பது மாதிரி மெல்ல உரித்தெடுத்தாள். சுவரில் பலகை மேல் வைத்துவிட்டு இரண்டு எட்டு பின்னால் வந்தாள்.

நியாயமாகச் சொன்னால் வண்ணப் படம்தான் அழகு. பிறகு கண்காட்சிக்கு இரண்டையும் அனுப்பினார்கள், இரண்டுக்கும் நான்தான் சட்டம் போட்டேன். கூட்டம் நின்றதெல்லாம் வண்ணப் படத்தின் முன்னால்தான். இது அப்படியில்லை. பாதி மைதான் ஏறியிருந்தது. இடது பக்கம் மலை கருநீலமாக வராமல், இன்னும் விடியாத வேளையின் சாம்பலாகப் படுத்திருந்தது. நாணல்கள் இருக்கிறதும் இல்லாததுமாக நின்றன. வலது பக்கம் ஒன்றுமே இல்லை. மஞ்சள் இல்லை, நீலம் இல்லை, நனைந்த வெறும் தாள். அந்த வெறும் தாள்தான் ஏரியின் மேல் போய் வெளிச்சமாக விழுந்திருந்தது. கட்டை இடமும் தாள் இடமும் ஒன்றாகிப் போனதை அந்த வீட்டில் நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மாமா சக்கரத்தின் கைப்பிடியை விடாமல் நின்றார். விட்டால் எதையாவது சொல்லிவிடுவோமோ என்று பயந்தவர் மாதிரி. நான் அவரைப் பார்ப்பதா அக்காவைப் பார்ப்பதா என்று தெரியாமல் கம்பளியை மடித்தேன். கோபம் எப்போது போனதென்று தெரியவில்லை, அக்காவின் முகத்தில் அது இல்லை. நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்வாள், எவ்வளவு எடுத்தோம் எவ்வளவு விட்டோம் என்று கணக்குப் பார்ப்பாள் என்று காத்திருந்தேன். அவள் படத்தைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அன்னைக்கு உனக்கு ரொம்பக் குளிருச்சா?"

மாமா கைப்பிடியை விட்டார். குளிரைப் பற்றி அவர் அவளிடம் சொன்னதில்லை. என்னிடம் எல்லாவற்றையும் கொட்டிய அன்றைக்குக்கூடச் சொல்லவில்லை.

"ஆமா," என்றார். "என் ஸ்வெட்டரப் புள்ளகிட்டயே குடுத்துட்டு வந்துட்டேன். அவ அவளோடத எடுத்துட்டுப் போக மறந்துட்டா."

அக்கா தலையை ஆட்டினாள். தெரியும் என்பது போல இருந்தது. பிறகு ஸ்டூலை இழுத்து அவருக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள், அவரும் தாள்கட்டின் மேல் உட்கார்ந்தார். இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கம்பளியை அதன் இடத்தில் வைத்துவிட்டுக் கீழே இறங்கினேன்.